நோட்டின் பின்பாதி

ஜூன் 12, திங்கள்

தோசைக்கல் காயும்போதே கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் பதிவு செய்ய வேண்டியது நான், மறந்ததும் நான். அக்கா திட்டவில்லை. மாவுக் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போய் நான்கு தோசை வார்த்து வந்து, எனக்கு இரண்டை மூடி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

கடையில் அதைவிட மோசம். தீபாவளிக்கு வர வேண்டிய புது நகை வரிசைக்காக நான் ஒரு மாதமாக வரைந்ததை எல்லாம் முதலாளி பாலதண்டபாணி பத்து நிமிஷத்தில் புரட்டித் தள்ளிவிட்டார்.

“ஏம்மா யமுனா, மாங்கா, மயிலு, அன்னம். இதெல்லாம் எங்கப்பா காலத்துலயே வித்தாச்சு. கோயமுத்தூர்ல கடைக்கா பஞ்சம்? நம்ம கடைக்கு எதுக்கு வரோணும்ங்கறேன். யாரும் பாக்காத ஒண்ணக் கொண்டா.”

ஜூலை முதல் வாரம் கெடு. இல்லாவிட்டால் மும்பையிலிருந்து வேறு டிசைனரை அழைத்துக்கொள்வாராம். ஐந்து வருஷமாக இந்தக் கடைக்கு வரைகிறேன். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஜூன் 18, ஞாயிறு

ஞாயிறு தவறாமல் அக்கா ஏதாவது ஒரு குளத்துக்குப் போவாள். சின்னச் சின்ன பாட்டில்களில் தண்ணீர் எடுத்து வந்து, பழைய மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, நோட்டில் வரைவாள். அவள் வேலை செய்வது அரசுத் தடய அறிவியல் கூடத்தில். தண்ணீரில் கிடைத்த உடல்கள் சம்பந்தமான சோதனைகள் அவள் பிரிவுக்கு வரும்.

டயாட்டம் என்று ஒன்று. கண்ணுக்குத் தெரியாத ஒற்றை உயிரணுப் பாசி. தன்னைச் சுற்றிக் கண்ணாடியில் ஓடு கட்டிக்கொள்ளும். உயிரோடு தண்ணீரில் விழுந்தவர் மூச்சுக்குத் தவிக்கும்போது தண்ணீரோடு அதுவும் உள்ளே போய், ரத்தத்தில் கலந்து, எலும்பு மஜ்ஜை வரைக்கும் சேர்ந்துவிடுமாம். செத்த பிறகு போட்டால் அவ்வளவு தூரம் போகாதாம். எந்தத் தண்ணீரில் எந்த டயாட்டம் என்று தெரிந்தால், ஒருவர் எங்கே மூழ்கினார் என்பதும் தெரியும். அதற்காகத்தான் அக்கா குளம் குளமாக அலைகிறாள்.

அந்த நோட்டை இன்று முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். படகு, விசிறி, சக்கரம், சீப்பு, நட்சத்திரம். அத்தனையும் பென்சிலில், மயிரிழைக் கோடுகளில். நான் படித்து வாங்கிய பட்டத்துக்கு இப்படி ஒரு கோடு போட வராது.

“இதுல சிலது நகைக்கு எடுத்துக்கட்டுமாக்கா?”

“முன்பாதி பூராவும் குளத்துத் தண்ணி. எது வேணுமோ எடுத்துக்கோ. பின்பாதி ஆபீஸ் வேலை. அதத் தொடாத.”

அவள் ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப் கேமரா கெட்டுப்போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறதாம். அதனால் வழக்கில் பார்த்ததையும் கையால் வரைந்து, குளத்துப் படங்களோடு ஒப்பிட வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். கொண்டுவரக் கூடாதுதான் என்று அவளே சொன்னாள்.

ஜூன் 25, ஞாயிறு

அக்கா சூலூர்ப் பக்கம் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். நான் துணி துவைத்தேன், மிக்ஸி ஜாரை ரிப்பேருக்குக் கொடுத்தேன். மதியத்துக்குள் பதினோரு உருவங்களைப் படியெடுத்துவிட்டேன். எல்லாம் முன்பாதியிலிருந்து. வட்டமாக இருப்பது பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது.

ஜூலை 5, புதன்

முதலாளி எழுந்து நின்றே பார்த்தார். பதினோரு டிசைனும் தேறிவிட்டது. அந்த வட்ட டாலர் படத்தை மட்டும் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. நடுவிலிருந்து கதிர்கள் விரிகிற வட்டம். ஒரு பக்கம் மட்டும், பிசைந்த மாவை யாரோ விரலால் கிள்ளியது போல உள்ளே குழிந்திருக்கும். அந்த இடத்தில் மூன்று கதிர்கள் வளைந்து ஒன்றை ஒன்று தொடும்.

“கோணலா இருக்குதே, சரி பண்ணீரலாமா?” என்றார் மேலாளர்.

“அந்தக் கோணல்தாங்க நகையே” என்றேன்.

வரிசைக்கு ‘நீர்ப்பூ’ என்று பெயர் வைத்தாயிற்று.

ஜூலை 27, வியாழன்

மெழுகு அச்சில் மூன்று கதிர்களும் உடைந்து உடைந்து வருகின்றன. மறுபடி வரைய வேண்டும். பல்வலி.

செப்டம்பர் 15, வெள்ளி

வெளியீடு நன்றாக நடந்தது. மேடையில் என் பெயரைச் சொன்னார்கள். கடை எனக்குப் பரிசாகக் கொடுத்த டாலரை அக்காவுக்கென்று கொண்டுவந்தேன். என் கல்யாணம் முறிந்து ஒரே ஒரு பெட்டியோடு வந்து நின்றபோது, ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் கதவைத் திறந்தவள் அவள். அவளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது என்று இதுவரை ஒன்றும் இல்லை.

டப்பாவைத் திறந்தாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து மறுபடி பார்த்தாள்.

“இது எந்தப் பக்கத்துல இருந்தது?”

“முன்பாதிதான். ஏன்?”

“ஒண்ணுமில்ல. நல்லாருக்குது.”

டப்பாவை மூடி பீரோவில் வைத்தாள். போட்டுப் பார் என்று நான் வற்புறுத்தவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு ரசம் மட்டும் வைத்தாள்.

அக்டோபர் 3, செவ்வாய்

ஒரு மகளிர் பத்திரிகையிலிருந்து பேட்டி எடுத்தார்கள். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, என் அக்கா ஒரு விஞ்ஞானி, அவளுடைய நோட்டில்தான் முதலில் பார்த்தேன் என்று சொன்னேன். அவள் பெயர் வசந்தகோகிலா என்பதையும் சொன்னேன். பெருமை அவளுக்கும் சேரட்டும் என்றுதான். வேறு எந்த நோக்கமும் இல்லை.

அக்டோபர் 20, வெள்ளி

காந்திபுரத்தில் மூன்று மாடி உயரத்துக்கு விளம்பரம். பெண்ணின் கழுத்தும் டாலரும் மட்டும். அக்கா தினமும் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போகிறாள். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. தீபாவளிக்கு முறுக்கு சுடலாமா, கடையில் வாங்கலாமா என்று பேசினோம்.

நவம்பர் 8, புதன்

அக்கா பதினொரு மணிக்குக் கோர்ட்டுக்குப் போனவள் மூன்று மணிக்கே வீட்டில் இருந்தாள். எனக்கு போன் செய்து, “வேலை முடிஞ்சதும் நேரா வா” என்றாள். வந்தேன். ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

போன வருஷம் மார்ச்சில் சங்கவி என்ற பெண் ஒரு தோட்டத்துக் கிணற்றில் மிதந்தாள். பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவள், கல்யாணமாகி ஏழு மாதம். தண்ணீர் இறைக்கப் போய்த் தவறி விழுந்துவிட்டாள் என்று புருஷன் சொன்னான். அக்காவின் சோதனையில், அவளுடைய எலும்பு மஜ்ஜையில் இருந்த டயாட்டம் அந்தக் கிணற்றில் இல்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளி, சாயக்கழிவு தேங்குகிற செங்காட்டுக் குட்டையில் இருந்தது. கழிவினால் ஓடு கோணிப்போன ஒரு வகை. அவள் தேடிய வேறு எந்தக் குளத்திலும் கிடைக்காத வகை. ஆக, பெண் குட்டையில் மூழ்கியிருக்கிறாள். பிறகு யாரோ தூக்கி வந்து கிணற்றில் போட்டிருக்கிறார்கள். புருஷன் மேல் போட்ட கொலை வழக்கே அதை வைத்துத்தான் நிற்கிறது.

இன்று எதிர்த்தரப்பு வக்கீல் எங்கள் கடை விளம்பரத்தை எடுத்து நீதிபதியிடம் கொடுத்திருக்கிறார். “இந்த வடிவம் செங்காட்டுக் குட்டையில மட்டும்தான் இருக்குன்னு சொல்றீங்க. கோயமுத்தூர்ல பாதிப் பேர் கழுத்துல இருக்குதே?”

கோர்ட்டில் சிரித்திருக்கிறார்கள்.

“நோட்டை யாருக்காவது காட்டினீங்களான்னு கேட்டார். பின்பாதிய யாருக்கும் காட்டலைன்னு சொன்னேன். உன்ற பேட்டிய எடுத்துப் படிச்சார். அப்புறம் சொன்னார், தங்கச்சிக்கு நகை டிசைன் போட்டுக் குடுத்துட்டு, அதே படத்துக்குக் கீழ வழக்கு நம்பரும் தேதியும் பின்னாடி எழுதிச் சேத்துட்டாங்க, மைக்ராஸ்கோப்புல வச்ச கண்ணாடித் தகடுகூட அப்புறமா தயார் பண்ணினதுதான்னு.” அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். “அந்தப் புள்ளையோட அம்மா முன் பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. எல்லாரும் சிரிச்சப்ப எதுக்குச் சிரிக்கறாங்கன்னு திரும்பித் திரும்பிப் பாத்தாங்க.”

பிறகு கேட்டாள். “எந்தப் பக்கம், யமுனா?”

“பின்பாதி.”

“எப்ப?”

“நீ சூலூர் போனப்ப.”

“கீழ எழுதியிருந்ததப் படிச்சியா?”

“இல்லக்கா. படத்த மட்டும்தான் பாத்தேன்.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

நவம்பர் 9, வியாழன்

ஜூன் 25 அன்று என்னுடைய இந்த டைரியில், வட்டம் இருந்தது பன்னிரண்டாம் பக்கம் என்று எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத நோட்டில் பக்க எண் வரைக்கும் போட்டுப் பொய் எழுதியிருக்கிறேன். அதை அடிக்க மனம் வரவில்லை. இருக்கட்டும்.

ஆனால் கீழே எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. எனக்குக் கோடுதான் கண்ணில் படும், எழுத்து படாது. தொழில் அப்படி.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. அக்காவின் வேலையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். வழக்கு ஆவணத்தை வீட்டுக்குக் கொண்டுபோனதற்கு விசாரணை. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். கடை முறுக்கு.

நவம்பர் 22, புதன்

அக்கா வீட்டிலேயே இருக்கிறாள். அலமாரியெல்லாம் துடைத்துவிட்டாள். என் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைக்கிறாள். கோபமாக ஒரு சொல் வரவில்லை. “சாப்பிட்டியா”, “மழை வரும், குடை எடுத்துக்கோ.” இவ்வளவுதான்.

டிசம்பர் 4, திங்கள்

எனக்கு சம்மன் வந்திருக்கிறது. ஜனவரி 22.

டிசம்பர் 6, புதன்

முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். கடையின் வக்கீலும் இருந்தார்.

“இன்டர்நெட்ல பாத்து வரைஞ்சேன்னு சொல்லீரு. அக்கா நோட்டுன்னு பேட்டில சொன்னது சும்மா பேச்சுக்குன்னு சொல்லு. உனக்கும் பிரச்சனை இல்ல, கடைக்கும் இல்ல. உங்கக்கா மேலயும் கொண்டுவந்து காட்டினாங்கற பழி போயிரும்.”

“அப்ப அந்தக் கேஸுங்க?”

வக்கீல்தான் பதில் சொன்னார். “இன்டர்நெட்ல இருக்கற வடிவம்னா அது எங்கேயும் இருக்கற வடிவம். குட்டைக்கு மட்டும் சொந்தம்னு சொல்ல முடியாது. அது போலீஸ் பாடு. உங்களுக்கென்ன அதுல?”

“பொணத்துல இருந்து எடுத்த டிசைன்னு ஊர்ல பேச்சு வந்தா எத்தன பேரு கொண்டாந்து திருப்பிக் குடுப்பாங்க தெரியுமா?” என்றார் முதலாளி. “நாங்க உன்னை எப்படி நடத்துனோம்னு யோசிச்சுக்க.”

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உடனே முடியாது என்று சொல்லவில்லை என்பதை எழுதிவைக்கிறேன். பஸ்ஸில் வரும்போது அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும்.

டிசம்பர் 10, ஞாயிறு

அக்காவிடம் முதலாளி சொன்னதைச் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“நான் என்ன சொல்லோணுங்கற?” என்றாள்.

“உன்ற வேலை திரும்பக் கிடைக்கும்க்கா.”

“கிடைக்கும்.”

“அதுக்காகச் சொல்லட்டுமா?”

“எனக்காகன்னு எதையும் சொல்லாத. இத்தன நாளும் உனக்காகத்தான செஞ்ச, இதையும் உனக்காகவே முடிவு பண்ணிக்கோ.”

குரலை உயர்த்தவில்லை. உரித்த வெங்காயத்தைக் கழுவினாள்.

ஜனவரி 9, செவ்வாய்

அரசு வக்கீல் ஒரு பெண்மணி, பெயர் செங்கமலம். நேரில் வரச் சொல்லியிருந்தார். நோட்டின் அந்தப் பக்கத்தின் நகலை மேஜை மேல் வைத்தார்.

“படத்துக்குக் கீழ இருக்கற வரியெல்லாம் அப்புறமா எழுதினதுன்னு அவங்க சொல்றாங்க. ஜூன் மாசம் நீங்க படியெடுத்தப்பவே அது அங்க இருந்துச்சுன்னா அந்த வாதம் அடிபட்டுப் போகும். உங்க அக்காவும் நீங்களும் தவிர அந்த நோட்டைப் பார்த்தவங்க வேற யாரும் இல்ல. அவங்க சொன்னா எடுபடாது. நீங்க பார்த்தீங்களா?”

நகலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“பார்க்கலைன்னா பார்க்கலைன்னு சொல்லுங்க. இல்லாததச் சொல்ல வேண்டாம்.”

“யோசிச்சுச் சொல்றேங்க.”

“இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? பார்த்திருப்பீங்க, இல்லை பார்த்திருக்க மாட்டீங்க.”

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பால் பொங்கியது. பக்கத்து வீட்டார் வந்து போனார்கள்.

படித்தேன்.

ஜூன் 25 அன்று படத்துக்குக் கீழே மூன்று வரி இருந்தது. வழக்கு எண். ‘பெண், வயது 19, இடது தொடை எலும்பு மஜ்ஜை.’ ஏப்ரல் 11. அக்காவின் சின்னக் கையெழுத்து. முழுதாகப் படித்தேன். படித்துவிட்டு ஒரு நிமிஷம் நோட்டை மூடினேன். முன்பாதியில் வேறு வட்டம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தன, ஏழெட்டு. எல்லாம் ஒழுங்கான வட்டங்கள். இது மாதிரி எதுவும் இல்லை. மறுபடி பின்பாதியைத் திறந்தேன். எழுத்து தெரியாமல் இருக்க அந்த மூன்று வரி மேல் மிக்ஸி கடை ரசீதை வைத்து மறைத்துக்கொண்டு வரைந்தேன்.

ஏழு மாதமாக இந்த டைரியிலும் அதை மறைத்தே வந்திருக்கிறேன்.

ஜனவரி 22, திங்கள்

கூண்டு என்று சொல்கிறார்களே தவிர, இடுப்பளவு மரச் சட்டம்தான். அக்கா கடைசி பெஞ்சில் இருந்தாள். முன் பெஞ்சில் சங்கவியின் அம்மா, மயிலாத்தாள். மஞ்சள் பையை மடியில் வைத்திருந்தார். எதிரே அந்தப் புருஷன், நன்றாகத் தேய்த்த சட்டை.

அரசு வக்கீல் கேட்டார், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று. அக்காவின் நோட்டில் பின்பாதியிலிருந்து, அவள் தொடாதே என்று சொன்ன பிறகு, அவள் இல்லாதபோது எடுத்தேன் என்றேன்.

“படத்துக்குக் கீழே அப்போது ஏதாவது எழுதியிருந்ததா?”

“இருந்ததுங்க.”

“எப்படித் தெரியும்?”

“படிச்சேன்.”

மூன்று வரியையும் சொன்னேன். தேதியையும். நீதிபதி தட்டச்சு செய்பவருக்காக நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொன்னார். அதனால் ‘பெண், வயது பத்தொன்பது’ என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். “செத்துப்போன ஒரு பெண்ணோட எலும்புல இருந்ததுன்னு தெரிஞ்சே நகை செஞ்சு வித்தீங்க. அப்படிப்பட்டவங்க சொல்றத இந்த கோர்ட் எப்படி நம்பறது?”

“நம்பறது உங்க இஷ்டங்க. தெரிஞ்சேதான் செஞ்சேன்.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. திரும்பி அக்காவைப் பார்த்தேன். பெஞ்ச் காலியாக இருந்தது.

ஜனவரி 23, செவ்வாய்

வேலை போயிற்று. கடையில் ‘நீர்ப்பூ’ தட்டை எடுத்துவிட்டார்கள் என்று மேலாளர் சொன்னார். என் வரைபலகையை வாட்ச்மேன் கொண்டுவந்து வாசலில் கொடுத்தார்.

பிப்ரவரி 16, வெள்ளி

அக்காவுக்கு ஆர்டர் வந்துவிட்டது. இரண்டு வருஷ ஊதிய உயர்வு நிறுத்தம், திருநெல்வேலிக்கு மாற்றல். நோட்டு கோர்ட்டிலேயே இருக்கும். பெட்டி கட்ட உதவட்டுமா என்றேன். “நானே பாத்துக்கறேன்” என்றாள். சாட்சி சொன்ன நாளிலிருந்து வீட்டில் தேவைக்குமேல் ஒரு சொல் இல்லை.

மார்ச் 4, திங்கள்

கல்யாணப் பத்திரிகை அச்சிடும் கடையில் வேலை கிடைத்தது. கணபதி படம், தாலி படம், தாமரை பார்டர். பதினொரு மணிக்கு டீ தருகிறார்கள்.

மார்ச் 26, செவ்வாய்

தீர்ப்பு. புருஷனுக்கு ஆயுள் தண்டனை. நோட்டின் குறிப்புகள் பின்னால் எழுதப்பட்டவை என்ற வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை. தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் இந்தச் சாட்சியத்தைப் பொய்யாகச் சொல்லி இவருக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை என்று என்னைப் பற்றி ஒரு வரி.

வெளியே புங்க மரத்தடியில் மயிலாத்தாள் என்னிடம் வந்தார். கும்பிட்டேன். அவர் கும்பிடவில்லை.

“அந்த நகையப் போட்டிருக்கறவங்களுக்கு என்ற புள்ள சங்கதி தெரியுமா?”

“பல பேருக்குத் தெரியாதுங்கம்மா.”

“தெரியாமயே இருக்கட்டும். அவுங்க என்ன பண்ணுனாங்க.” பையை மற்றக் கைக்கு மாற்றினார். “உனக்குத் தெரிஞ்சிருந்துச்சே, சாமி. ஒரு எட்டு வந்து என்னைக் கேட்டிருந்தீன்னா?”

“கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களாம்மா?”

“மாட்டேன்” என்றார். பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று விசாரித்துவிட்டு நடந்தார். கூட வரட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

மாலையில் அக்காவுக்கு போன் செய்து தீர்ப்பைச் சொன்னேன். “கேள்விப்பட்டேன்” என்றாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

அக்கா முதல்முறையாகத் திருநெல்வேலியிலிருந்து வந்தாள். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவள் படுக்கையை விரித்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்துவிட்டது. அக்கா அடுப்பை அணைத்தாள். துணி எடுத்துத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே பேசத் தொடங்கினாள்.

“ஒரு வேலையச் செய்யறப்ப அதுல நிக்கோணும். உனக்கு எதுலயும் நிக்கத் தெரியாது. சிலிண்டர் தீந்தா நான், பால் வழிஞ்சா நான்.”

“சரிக்கா.”

“சரிக்கான்னு சொல்லாத. பேசி முடிக்கற வரைக்கும் பேசாத.” துணியைப் பிழிந்தாள். “சம்பள உயர்வு போனா போகுது, திருநெல்வேலி ஒண்ணும் காடு இல்ல. நீ படிக்கலைன்னு சொன்னியே, அத நான் நம்புனேன். எழுத்தக் கவனிச்சிருக்க மாட்டா, சின்னதுல இருந்தே படத்தத்தான் பாப்பான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ரெண்டரை மாசம் அதத்தான் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன். கோர்ட்ல நாலு பேரு முன்னாடி நின்னுட்டு நீ ஒவ்வொரு வரியாச் சொல்ற. நான் எழுதுன எழுத்து அது. அத எழுதறப்ப எனக்குக் கை ஓடல, தெரியுமா? பத்தொன்பதுன்னு எழுதிட்டு எந்திரிச்சுப் போய் மூஞ்சி கழுவிட்டு வந்தேன். நீ அத மறைச்சு வச்சுட்டு வரைஞ்சிருக்க.”

மறைத்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. “அது உனக்கு எப்படித் தெரியும்?”

“ரசீது நோட்டுக்குள்ளயே கிடந்துச்சு. எதுக்கு இங்க இருக்குதுன்னு அப்பத் தெரியல. நீ சாட்சி சொன்னதும் தெரிஞ்சுது.”

ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாள். நான் வீட்டுக்குப் பெட்டியோடு வந்த நாள், அவளுக்கு வந்த ஒரு வரனை எனக்காகத் தள்ளிப்போட்டது, பஸ்ஸில் போகும்போது காந்திபுரம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டது, எல்லாம். குரல் ஒரு இடத்திலும் உயரவில்லை. நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கேட்டேன். அழ வேண்டும் போலிருந்தது. அழுதால் அவள் நிறுத்திவிடுவாள் என்று அழவில்லை.

பிறகு சோறு வைத்தாள். சாப்பிட்டோம். நாலு மணி பஸ்ஸுக்கு அவளை ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் நகருவதற்கு முன் கம்பி வழியாகக் கையை நீட்டி என் தோள் மேல் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள்.

“அடுத்த மாசமும் வருவேன்” என்றாள். “இன்னும் திட்டி முடிக்கல.”